நிகர எடை

பஹாவிலிருந்து பதினொரு கிலோமீட்டர்.
செம்பனை ஆலை வாசலில் என் கண்ணாடிக் கூண்டு.
லாரி மேடையேறும்; எண் துடிக்கும்; நிற்கும்.
குலையைக் கொட்டிவிட்டு வெறும் லாரியாகத் திரும்பும்.
முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால்
மிஞ்சுவதுதான் நிகரம்.
பத்தொன்பது வருடமாக
இந்த ஒரு கழித்தலுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஜீவரத்தினம் வந்தது ஒரு சனிக்கிழமை.
ஐந்தாம் படிவத்தில் என்னைப் பார்த்துக் கணக்கு எழுதியவன்;
இப்போது கழுத்தில் டை,
காரின் பின்சீட்டில் பிரசுரக் கட்டு.
"யூனிட் டிரஸ்ட்னா ஒண்ணுமில்ல பூவரசி,
ஆளாளுக்குக் கொஞ்சம் போடுறோம்,
விவரம் தெரிஞ்சவர் ஒருத்தர் மொத்தத்தையும் பார்த்துக்கிறார்."
"கூட்டு மாதிரியா?" என்றேன்.
கூட்டு பிடித்த செண்பகம்
ஜொகூருக்கு ஓடிய கதை அவனுக்கும் தெரியும்.
"சேச்சே. வாங்கி விக்கிறவர் வேற,
பணத்தைக் காவல் காக்கிற டிரஸ்டி வேற."

அவன் போனபிறகுதான் புரிந்தது, என் பாஷையில்:
பாக் ரம்லியின் மூன்று ஏக்கர் குலையும்
ஆ லோயின் மேட்டுச் சரிவுக் குலையும்
தோட்டத்து லாரி பதினாலும்
ஒரே கலனில் வேகின்றன.
எண்ணெய் வழியும்போது
நான் ரம்லியுடையது என்று எந்தச் சொட்டும் சொல்லாது.
எடைதான் பங்கு.
ஒருவர் குலை அழுகினால் ஆலை நிற்காது.
எண்ணெய் விலை சரிந்தால்
எல்லாருக்கும் சேர்ந்தே சரியும்.
ஆலைக்கூலி மட்டும் சரியாது.

ஐயாயிரம் வெள்ளி கொடுத்தேன்.
மேடையேறும் முன்பே இருநூற்றைம்பது உதிர்ந்தது,
விற்பனைக் கட்டணமாம்.
மிச்சத்துக்கு, ஒன்று ஐம்பது சென் வீதம்,
ஒன்பதாயிரத்து ஐந்நூறு யூனிட்.

மார்ச்சில் பகிர்வு. யூனிட்டுக்கு இரண்டு சென்.
நூற்றுத் தொண்ணூறு வெள்ளி!
தணிகை பசார் மாலாமில் பொரித்த கோழி வாங்கி வந்தார்.
மறுநாள் விலை பார்த்தேன்.
ஐம்பது, நாற்பத்தெட்டாகியிருந்தது.
என் லாரியிலிருந்தே ஒரு குலையை இறக்கி
எனக்குப் பரிசளித்திருக்கிறார்கள்.
கோழி நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்டில் அறிக்கை, தொண்ணூறு பக்கம்.
நம் பணம் எந்தெந்தக் கம்பெனியில் என்ற பட்டியலில்
ஏழாவது பெயரை இரண்டு தடவை படித்தேன்.
தலை நிமிர்ந்தால் அதே பெயர்,
கூண்டுக்கு எதிரே, பச்சைப் பலகையில்.

அப்படியானால் இந்த ஆலை என்னுடையதும்.
எவ்வளவு?
லாரிக்கும் லாரிக்கும் நடுவில் கணக்குப் போட்டேன்.
சாயங்காலம் விடை வந்தது: ஆறு வெள்ளி.
இந்த மேடையின் ஒரு திருகாணி.
எந்தத் திருகாணி என்று குனிந்துகூடப் பார்த்தேன்.

அந்தப் பெயருக்குக் கீழே ஒரு வரி:
மிகைநேரச் செலவு குறைந்ததால் லாபம் உயர்ந்தது.
ஜூனில் நிறுத்திய ஓவர்டைம் என்னுடையது,
மாதம் நூற்றெண்பது.
யூனிட் விலை அரை சென் ஏறியிருந்தது:
நாற்பத்தேழு வெள்ளி ஐம்பது சென்.
என்னிடமிருந்து எடுத்து
எனக்கே அனுப்பியிருக்கிறார்கள்,
வழியெல்லாம் சிந்திக்கொண்டு.
கோபப்பட ஆள் தேடினேன்.
முதலாளிகள் வரிசையின் கடைசியில்
நானும் நின்றுகொண்டிருந்தேன்.

ஜீவரத்தினம் கூப்பிட்டான்.
"இதை வித்துட்டுப் புது ஃபண்டுக்கு மாறிடேன்."
"ஒரு சீட்டு அனுப்பு" என்றேன்.
"மொத்தம் எவ்வளவு, லாரி எவ்வளவு, நிகரம் எவ்வளவு."
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
"லாரியா?" என்றான்.

வெளியே மழை பிடித்திருந்தது.
வரிசையில் முட்டி நின்ற லாரிகளில் ஏதோ ஒன்றிலிருந்து
ஒரு குலை நழுவிச் சேற்றில் விழுந்தது.
காவலாளி தூக்கி, பக்கத்திலிருந்ததில் எறிந்தான்,
யாருடையது என்று பார்க்காமல்.

நான் கண்ணாடியைத் தட்டினேன்.